தண்ணி போட்டுவிட்டு வண்டி எடுப்பது: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறைப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். எல்.எல்.ஆர். போட வரும் பையன்கள், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோர், ஹெவி லைசென்ஸுக்கு வரும் கிளீனர்கள், லைசென்ஸ் புதுப்பிக்க வரும் பெரியவர்கள் எல்லோரும் கிளட்ச், கியர் சமாச்சாரம் பேசி முடித்துக் கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டுப் பெண்கள் போனில் கேட்டவையும் உண்டு. குடிப்பது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. குடித்தவர் கையில் சாவி இருக்கக் கூடாது, அதற்கான ஏற்பாட்டை முதல் டம்ளருக்கு முன்பே செய்துவிட வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

எவ்வளவு குடித்தால் குற்றம்? ஒரு கட்டிங் பரவாயில்லைதானே?

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு சொல்லும் அளவு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம்.

கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் ஏறத்தாழ 42.8 சதவீதம் சரக்கு. ஒரு கட்டிங், அதாவது 90 மி.லி., உள்ளே போனால் சுமார் 30 கிராம் சுத்த ஆல்கஹால் போகிறது. 65 கிலோ எடையுள்ள ஆம்பளைக்கு இது ரத்தத்தில் 60 முதல் 70 மி.கி. வரை ஏறும். சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு. முழு குவாட்டர் என்றால் 120 முதல் 140. ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில் 70, 80 வரை கொண்டு போய்விடும். ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனால் "ஒரு கட்டிங்தான்" என்பவர் வரம்புக்குள் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் என்னிடம் பழக வருபவர்களுக்கு நான் சொல்லும் அளவு பூஜ்யம்.

எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறாதுங்க. ஆஃப் (அரை பாட்டில்) அடித்தாலும் ஸ்டெடியாக ஓட்டுவேன்.

அடிக்கடி கேட்பதும் இதுதான், எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான்.

பல வருடம் குடித்துப் பழகியவருக்கு நடை தள்ளாடாது, பேச்சு குழறாது. உடம்பு அந்தத் தள்ளாட்டத்தை மறைக்கப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான். ரத்தத்தில் இருக்கும் அளவு யாருக்கும் சலுகை தருவதில்லை. குறுக்கே ஆள் வந்ததும் பிரேக்குக்குக் கால் போகும் வேகம், எதிரே வரும் வண்டியின் தூரத்தைக் கணிக்கும் கண், ஒரே நேரத்தில் கண்ணாடியையும் ரோட்டையும் கவனிக்கும் திறன் எல்லாம் குறைந்துதான் இருக்கும். தினமும் போகும் வழியில் ஒன்றும் ஆகாமல் நூறு தடவை வீடு சேர்ந்திருப்பார். அந்த நூறு தடவையும் குறுக்கே யாரும் வரவில்லை என்பதே காரணம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம்மால் ஓட்ட முடியுமா என்று தீர்மானிக்க வேண்டியது மூளை. மது முதலில் பிடிப்பதும் அந்த மூளையைத்தான். குடித்த பிறகு "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும். அதனால்தான் அந்த முடிவை அவரிடம் விடக் கூடாது என்கிறேன்.

ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்து ஓட்டலாமா?

நம் உடம்பு 100 மி.லி. ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மி.கி. அளவில்தான் ஆல்கஹாலைக் குறைக்கும். அந்த வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது, அதை அவசரப்படுத்த வழியே இல்லை. இரவு 10.30-க்கு ஒரு குவாட்டரை முடித்தவருக்குக் காலை 5 மணிக்கு 35, 40 மி.கி. மிச்சம் இருக்கலாம். ஆஃப் அடித்தவர் காலை 7 மணிக்குக் குளித்து, விபூதி பூசி, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போதும் 100 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடும். வாடை தெரியாமல் போகலாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

வெள்ளென எழுந்து மார்க்கெட்டுக்குத் தக்காளி, வெங்காயம் ஏற்றிப்போகும் மினி லாரிக்காரர்களும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேன் டிரைவர்களும் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அளவைக் குறைக்காது. காப்பி குடித்தால் தூக்கம் கலையும், போதை அப்படியே இருக்கும்.

வயிறு முட்டக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டால் போதை ஏறாதாமே?

மெதுவாக ஏறும். அதுதான் ஆபத்து. விருந்தில் கடைசி ரவுண்டு முடித்து, கையைக் கழுவி, வண்டியைக் கிளப்பும்போது தெளிவாகத்தான் இருப்பார். அரை மணி, முக்கால் மணி கழித்து, பாதி வழியில் அளவு உச்சத்துக்குப் போகும். கிளம்பும்போது பார்த்து "நல்லாத்தான இருந்தாரு" என்று பின்னால் சொல்லி அழுத குடும்பங்கள் உண்டு.

வண்டி ஓட்டும்போது உண்மையில் என்ன கெடுகிறது?

ஒரு கணக்குச் சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதமானால் கூடுதலாக 11 மீட்டர். ஏறத்தாழ ஒரு பஸ்ஸின் நீளம். அந்தத் தூரத்துக்குள்தான் கடையிலிருந்து ரோட்டைக் கடக்கும் பாட்டி நிற்கிறார்.

எதிர் வண்டியின் ஹைபீம் கண்ணில் அடித்த பிறகு பார்வை திரும்பத் தெளியக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரவில் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓரத்தில் நிறுத்திய லாரி, கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர், லைட் இல்லாத சைக்கிள் எல்லாம் அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும்.

நம்ம ஊர்க் கிராமத்து ரோடுகளுக்கென்று தனி ஆபத்தும் உண்டு. ரோட்டோரக் கிணறுகள். தாராபுரம், காங்கேயம், பல்லடம் பக்கம் தோட்டத்து வளைவுகளில் ரோட்டிலிருந்து நாலடி தள்ளி, இடுப்பளவுகூடச் சுவர் இல்லாத பழைய கிணறு இருக்கும். சுவரே இடிந்து வேலிக்கருவை மூடிக் கிடப்பதும் உண்டு. கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்கால் கரை ரோடுகளும் அப்படியே. தெளிந்த ஆளுக்கு வளைவில் ஸ்டியரிங் கொஞ்சம் பிசகினால் மண்ணில் இறங்கித் திரும்ப ஏறிவிடுவார். குடித்தவருக்குத் திருத்தவும் நேரமாகும், தேவைக்கு மேல் ஒடிக்கவும் செய்வார். தண்ணீருக்குள் போன காரில் கதவைத் திறப்பது தெளிவாக இருப்பவருக்கே கஷ்டம்.

பைக்கில் போகிறவருக்கு இன்னும் மோசம். இரண்டு சக்கரத்தில் நிற்பதே சமநிலையை நம்பித்தான். போதையில் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியிருப்பார்கள், ஸ்ட்ராப்பைப் போட்டிருக்க மாட்டார்கள். விழுந்தால் முதலில் பறப்பது ஹெல்மெட்.

கள்ளு இயற்கைதானே? அதற்கும் கேஸ் போடுவார்களா?

கள்ளிலும் இருப்பது அதே ஆல்கஹால்தான். தென்னை விவசாயிகளின் கள் கோரிக்கையைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் ரத்தத்துக்கு அந்த அரசியல் தெரியாது. பொள்ளாச்சி, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிப் பாலக்காடு மாவட்டக் கள்ளுக்கடைகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள், வரும் வழிக்கு ஓட்ட ஆள் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கஞ்சா அடித்தால் நிதானமாகத்தானே ஓட்டுவார்கள்? மாத்திரைக்கு மெஷினில் தெரியாதே?

கல்லூரிப் பையன்கள் இதைச் சர்வ சாதாரணமாகக் கேட்கிறார்கள். கேட்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கஞ்சாவில் வேகம் குறையலாம், ஆனால் நேரமும் தூரமும் மாறித் தெரியும். வண்டி தன் லேனில் நிற்காமல் அலையும். திடீரென்று ஒன்று நடந்தால் கையும் காலும் தாமதமாக வேலை செய்யும். அதோடு ஒரு பீரும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும்.

மாத்திரை விஷயம் இதைவிடப் பயங்கரம். டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள், நைட்ரஜெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் கோவை, திருப்பூர் பக்கம் போதைக்காக விற்றுப் பிடிபட்ட செய்திகளை எல்லோரும் படித்திருப்போம். இவை தூக்கத்தையும் மந்தத்தையும் தருபவை. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். நீண்ட தூர லாரியில் தூக்கம் வராமலிருக்க ஊக்க மருந்து போடுவது வேறு கதை. அது களைப்பைப் போக்குவதில்லை, மறைக்கிறது. மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில், முன்னறிவிப்பே இல்லாமல், கண் திறந்தபடி தூக்கம் அடிக்கும்.

சட்டத்துக்கு வந்தால், 185-ஆம் பிரிவிலேயே போதைப் பொருளும் இருக்கிறது. அதற்கு மில்லிகிராம் கணக்கு கிடையாது. வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாத அளவுக்குப் போதையில் இருந்தாலே குற்றம். ஊதுகிற மெஷினில் தெரியாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்கள். பாக்கெட்டில் பொருள் இருந்தால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தனி வழக்கு. விற்கிறவர்களைப் பற்றித் தகவல் சொல்ல 10581 என்ற எண் இருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டலாமா?

பல மருந்துகளுக்கு ஓட்டலாம். சிலவற்றுக்கு ஓட்டக் கூடாது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின், இருமல் சிரப்புகளில் சில, அல்பிரசோலம், டயசெபாம் வகை மாத்திரைகள், சில வலிப்பு மருந்துகள் தூக்கம் தருபவை. செட்ரிசினும் சிலருக்குத் தரும்.

நம்ம பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது வாந்தி மாத்திரை. ஊட்டிக்கோ, 40 கொண்டை ஊசி வளைவு உள்ள வால்பாறைக்கோ போகும்போது குடும்பமே ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொள்ளும். ஓட்டுகிறவரும் போட்டுக்கொள்வார். அவற்றில் பல நன்றாகத் தூக்கம் வரவழைக்கும் மருந்துகள். ஸ்டியரிங் பிடித்து ஓட்டுபவருக்குப் பொதுவாக வாந்தி வருவது குறைவு, அவருக்கு அந்த மாத்திரை தேவைப்படுவதும் அபூர்வம். மருந்துக் கடையில் "நான் வண்டி ஓட்டறவன், தூக்கம் வருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போலீஸ் பிடித்தால் என்ன நடக்கும்?

ஓரங்கட்டச் சொல்வார்கள். மெஷினில் புதுக் குழாய் மாட்டி ஊதச் சொல்வார்கள். புதுக் குழாய் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, மரியாதையாகக் கேளுங்கள். மெஷின் அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை. அதனால் பாக்கு, பபிள்கம், ஏலக்காய் எதுவும் உதவாது. சற்று முன்தான் ஆயுர்வேத அரிஷ்டமோ வாய் கொப்பளிக்கும் மருந்தோ பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். வாயில் தங்கிய வாடை அதற்குள் போய்விடும். ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதுவே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய் அபராதம், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த இந்தத் திருத்தத்தின் அபராதத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் கேஸ் போல ரோட்டிலேயே பணத்தைக் கட்டிவிட்டுப் போக முடியாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும். தண்டனை உறுதியானால் குறைந்தது 6 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு 10,000 ரூபாயைவிட இந்த ஆறு மாதம்தான் வலிக்கும்.

ஓட்டியது அவர், நான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

குடித்தவரை ஓட்டத் தூண்டியவர் மீதும் 188-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். உடன் வருபவர்மீதும் வழக்கு வரும் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2022 அக்டோபரில் வெளிப்படையாகவே அறிவித்தது. வழக்கை விடுங்கள். மோதினால் முன்னால் இருப்பவரோடு நீங்களும்தான் விழுவீர்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியிலேயே எழுதியிருக்கும். குடித்திருந்தது சூழ்நிலையிலிருந்து தெளிவாகத் தெரிந்தால், ஊதிப் பார்த்த ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் கம்பெனி மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு கார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அடிபட்ட மூன்றாம் நபரின் விஷயத்தில் கம்பெனி முதலில் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். தொகை லட்சக்கணக்கில் இருக்கும். தோட்டத்தை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரும்.

யாராவது இறந்துவிட்டால்?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை. ஆனால் குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டியதாக நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் 10 வருடம் வரை போகும். மும்பையில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் மீது ஏறி 7 பேரைக் கொன்ற கார் வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் இதே பெரிய பிரிவைத்தான் உறுதி செய்தது.

கிடாவெட்டு, காதுகுத்து, நோம்பி (பண்டிகை) என்றால் சரக்கு இல்லாமல் நடப்பதில்லை. அங்கே எப்படித் தடுப்பது?

தடுக்க முடிகிற இடமே அதுதான். ராத்திரி ரோட்டில் ஒரு போலீஸ்காரர் செய்வதைவிட, விருந்து வைக்கும் வீட்டுக்காரர் அதிகம் செய்ய முடியும்.

நம்மவர்களுக்கு ஒறம்பரை, அதாவது வீட்டுக்கு வந்த உறவுக்காரர், மொகங்கோணிப் போகக் கூடாது. சாவியைக் கேட்டால் மாப்பிள்ளை கோவித்துக்கொள்வாரோ, பங்காளி பேசாமல் போய்விடுவாரோ என்று பயப்படுகிறோம். அந்தக் கூச்சம்தான் ஆளைக் கொல்கிறது. அதற்கு வழி, கேட்கும் நேரத்தை மாற்றுவது. குடித்த பிறகு கேட்டால் சண்டை. வந்து இறங்கியதும், செம்பில் தண்ணி கொடுக்கும்போதே கேட்டால் அது உபசாரம்.

சிவகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிடாவெட்டில் நான் பார்த்தது. சாளை (தோட்டத்து வீடு) திண்ணையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. வருகிற ஒவ்வொருவரையும் "வாங்க மாப்ள, சாவிய இதுல போட்டுட்டுப் போங்க. வண்டியெல்லாம் நம்ம பையன் நெழல்ல நிறுத்தீருவான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது அவரிடம்தான் வர வேண்டும். தெளிவாக இருந்தவருக்குச் சாவி கைக்கு வந்தது. ஒருவர் வந்து நின்றதும் பெரியவர் மூஞ்சியைப் பார்த்தார், போசியை மூடினார். "கயித்துக் கட்டிலு போட்டிருக்குதுங், ஒரு தூக்கம் போடுங்க. காத்தால ஆட்டுக்கால் சூப் குடிச்சுட்டுப் போலாம்." அவர் முனகிக்கொண்டே போய்ப் படுத்தார். அதற்குள் அந்த வீட்டு அம்மா அவர் வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு இங்கயே தங்கிக்கிறாருங், நீங்க தேட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குத் தகவல் போவது முக்கியம். வீட்டில் திட்டுவார்களே என்று பயந்தே பலர் நடு ராத்திரியில் வண்டியை எடுக்கிறார்கள்.

தங்க வசதி இல்லாத இடத்தில் ஒரு வேனைப் பேசி வையுங்கள். பந்தலுக்கும் சமையல்காரருக்கும் ஆகும் செலவில் அது சிறு தொகை. ஆக்டிங் டிரைவர் கோவை, திருப்பூர், ஈரோட்டில் போன் போட்டால் வருவார், முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிராமத்துக்கும் வருவார். கூட்டாளிகள் நாலு பேர் போனால் ஒருவர் அன்றைக்குத் தொடக் கூடாது என்று கிளம்பும்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். "கம்மியாகக் குடித்தவன் ஓட்டட்டும்" என்பது ஏற்பாடே அல்ல.

குடித்தவரிடம் வாதம் செய்யாதீர்கள். "நீ போதையில இருக்க" என்று சொன்னால் வீம்புக்கு வண்டி எடுப்பார். "அண்ணா, எனக்குத் துணைக்கு ஆளில்ல, கூட இருங்க", "மச்சான், டயர்ல காத்தில்ல, காத்தால பாத்துக்கலாம்" என்று பேச்சை மாற்றுங்கள். தேவைப்பட்டால் நிஜமாகவே காற்றைப் பிடுங்கிவிடுங்கள். அதற்காக ஒருவர் கோபப்பட்டால் படட்டும்.

சனிக்கிழமைச் சம்பளம் வாங்கினதும் நேராகக் கடைக்குப் போகிறவர்களுக்கு?

திருப்பூர் பனியன் கம்பெனிகளும் சோமனூர், பல்லடம் தறிக்குடோன்களும் சம்பளம் போடும் சனிக்கிழமை ராத்திரிதான் பல குடும்பங்களுக்குப் பயமான ராத்திரி. கடை இரவு 10 மணிக்கு மூடும், அந்த நேரத்தில் பைக்குகள் மொத்தமாக ரோட்டில் இறங்கும். சனிக்கிழமை மட்டும் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போவது என்று வைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வண்டியே கையில் இல்லாவிட்டால் அன்று ராத்திரி யோசிக்க ஒன்றுமில்லை. சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுவதும், சனிக்கிழமை விட்டு வேறு நாளில் போடுவதும் முதலாளிகள் செய்யக்கூடிய உதவி.

மெயின் ரோட்டில் கடையே இல்லாமல் செய்தால் சரியாகிவிடாதா?

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்பளித்தது. சிறிய ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டர் ஆனது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் கொண்டுபோனபோது பெண்கள் எதிர்த்தார்கள், திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அந்த மாதம் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடியது நாடு முழுவதும் செய்தியானது. அவர்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடை தூரமாக இருப்பது, போகிற வழியில் நிறுத்திக் குடிப்பதைக் குறைக்கும். ஆனால் தூரத்துக் கடைக்கும் ஆட்கள் பைக்கில்தான் போய் வருகிறார்கள். சாவி விஷயத்தை அது தீர்க்காது.

லாரி, போர் போடும் ரிக் வண்டி, ஸ்கூல் வேன் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இந்தியா முழுக்கப் போகின்றன. வாரக்கணக்கில் வீட்டை விட்டு ரோட்டிலேயே வாழும் டிரைவரைக் "குடிகாரன்" என்று திட்டுவது சுலபம். லோடு இன்ன நேரத்துக்குள் சேர வேண்டும் என்று நெருக்கினால், தூங்காமல் ஓட்ட ஒன்று, ஓட்டி முடித்துத் தூங்க ஒன்று என்று அவர் தேடத்தான் செய்வார். இரண்டாவது டிரைவர் போடுங்கள், ஓய்வு நேரத்தையும் சேர்த்து டிரிப் நேரத்தைக் கணக்கிடுங்கள்.

ஊதிப் பார்க்கும் சின்ன மெஷின் கடையிலேயே கிடைக்கிறது. செட்டிலிருந்து வண்டி கிளம்பும் முன் எல்லோரும் ஊத வேண்டும், முதலாளி மகன் ஓட்டினாலும் ஊத வேண்டும். அளவு காட்டினால் அன்றைக்கு வண்டி இல்லை, வேலை உண்டு. வேலையே போய்விடும் என்றால் மறைப்பார்கள். ஸ்கூல் வேனுக்குக் காலை நேரச் சோதனைதான் முக்கியம், காரணம் மேலே சொன்னதுதான்.

பஸ்ஸிலோ கால் டாக்ஸியிலோ டிரைவர் குடித்திருப்பதாகத் தோன்றினால்?

பஸ் என்றால் கண்டக்டரிடம் சொல்லி, வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 100 அல்லது 112. வண்டி எண்ணும் போகும் ஊரும் சொன்னால் போதும். டாக்ஸியில் "வாந்தி வருது, நிறுத்துங்க" என்று சொல்லி இறங்கிவிடுங்கள். ஓடும் வண்டியில் சண்டை வேண்டாம்.

பையனுக்கு 17 வயது. தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டுகிறான்?

தோட்டத்திலிருந்து கடைக்குப் போக ரோட்டைக் கடக்கத்தானே வேண்டும். 18 முடியாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதோடு மது வாங்கவே தமிழ்நாட்டில் 21 வயது ஆக வேண்டும். பையனிடம் ஒன்று மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்: "எந்த நிலைமையில இருந்தாலும், எந்த ராத்திரியா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு, வந்து கூட்டிக்கிறேன். அன்னைக்கு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். பேச்சு மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டுத்தான் வருகிறார். என்ன செய்ய?

இது வண்டி ஓட்டுவதைத் தாண்டிய விஷயம், நோய். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 குடி, போதை மீட்புக்கான இலவச எண், 14416 மனநல உதவிக்கான எண்.

மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருக்கும் மனிதர்கள் நம்ம பக்கம் நிறைய. அந்த நாட்களில் மனம் திடமாக இருக்கும், டாக்டரிடம் கூட்டிப்போக அதுவே நல்ல சமயம். மாலை கழற்றும் அன்று மட்டும் வண்டிச் சாவியை வீட்டுப் பெண்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுக் குடிக்கும்போது பழைய அளவையே உடம்பு தாங்காது.

வண்டியை விட்டுவிட்டு நடந்து போய்விடலாமா?

இருட்டில், நான்கு வழிச் சாலையில் போதையோடு நடப்பதும் ஆபத்துதான். யாராவது கூடப் போங்கள், அல்லது ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுங்கள்.

ரோட்டோரம் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், சரக்கு வாடை அடிக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள். காப்பாற்றியிருக்கக்கூடியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். "தண்ணி போட்டுட்டுக் கெடக்கறான், காத்தால எந்திரிச்சுப் போயிருவான்" என்று தாண்டிப் போய்விடுகிறோம். தலையில் உள்ளே ரத்தம் கசிந்தாலும் ஆள் அதே மாதிரிதான் குழறுவார், வாந்தி எடுப்பார், குறட்டை விடுவார். வாடை அடிப்பதாலேயே தலைக்காயத்தைக் கவனிக்காமல் விட்டு உயிர் போவது உண்டு.

108-க்குக் கூப்பிடுங்கள். கழுத்தை முறுக்காமல், தலையையும் உடம்பையும் சேர்த்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமலிருக்கும். எழுப்பி உட்கார வைத்துச் சோடா, தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ்காரரிடம் குடித்திருப்பதைச் சொல்லுங்கள், விழுந்ததையும் அழுத்திச் சொல்லுங்கள். உதவி செய்தவரைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ பேர், விலாசம் கேட்டு வற்புறுத்தக் கூடாது, 2019 திருத்தத்தின் 134ஏ பிரிவு அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் நிர்ணயித்த அளவு வரை அரசே ஏற்கும். அடிபட்டவரின் பையில் பணம் இருக்கிறதா என்று பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை.